பூக்கட்டும் என்றார்கள்

போன மாதம் பூங்காவுக்குப் போயிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு காட்டுப் பூச்செடிப் பிரிவுக்கு இரண்டு இளம் பிள்ளைகளை எடுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். செடிக்கு முன்னால் ஃபோனை நீட்டினால் அது பெயரைச் சொல்லிவிடுகிறது. நூற்றுக்கு எவ்வளவு நிச்சயம் என்றும் போட்டுக் காட்டுகிறது. அதில் ஒரு பெண்பிள்ளை என்னிடம், "இது ஒண்ணுமே இல்லாம நீங்களும் அருளப்பன் சேரும் எப்பிடிம்மா நிச்சயமா பேர் சொன்னீங்க?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். பூ பூக்கும்வரை காத்திருப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் சரிதான். ஆனால் ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில், ஒரு தடவை அந்தக் காத்திருப்பால் என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் வந்தது மனதை அறுத்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தெய்வானை. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்தெடுக்கப் போனவளை, கை பக்குவமாக இருக்கிறது என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா தேயிலைக் கன்று நேர்சரிக்கு மாற்றினார். ஒரு கணுவும் ஒரு இலையும் உள்ள துண்டை வெட்டி, மண் பையில் நட்டு, வேர் பிடிக்க வைக்கிற வேலை. பிறகு அரசாங்கத் தாவரப் பூங்காவுக்கு ஆள் எடுத்தபோது அந்த அனுபவத்தைச் சொல்லித்தான் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

அருளப்பன் சேர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒல்லியான ஆள், எந்த நாளும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. சத்தம் போட மாட்டார். யாராவது வேலையைக் கெடுத்துவிட்டால் பக்கத்தில் வந்து நின்று, அதை முதலிலிருந்து தானே செய்து காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்று இருக்கும்.

பூவைப் பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம். யார் செடி கொண்டுவந்தாலும் வாங்கி, இலையைத் திருப்பிப் பார்த்து, தண்டை நுனி விரலால் தடவி, முகர்ந்து, எல்லாம் செய்துவிட்டு, "பூத்ததும் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்திருக்கும். முகத்தைப் பார்த்தால் எனக்கே புரியும். ஆனாலும் சொல்ல மாட்டார். எங்கள் தொட்டிகளில் பாதியில் பெயர்த் தகட்டுக்குப் பதிலாக "பூ பார்க்கவில்லை" என்று எழுதிய தகடுதான் குத்தியிருக்கும். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தபோது, தப்பான பேர் இருப்பதைவிடப் பேர் இல்லாமல் இருப்பது செடிக்கு நல்லது என்றார் சேர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் சொல்லப்போகிற பூ மிகச் சின்னது. காசித்தும்பைச் சாதி. முற்றத்தில் வளர்க்கிற காசித்தும்பையில் கால்வாசி உயரம் கூட வராது. ஊதாவும் ரோஜா நிறமும் கலந்த பூ. இந்தத் தீவின் மலைகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை. அதற்கு ஒரு ஒன்றுவிட்ட உறவு உண்டு, அது தேயிலை மலையில் தண்ணீர் ஓட வெட்டிவிட்ட கான்களில் எல்லாம் முளைக்கும். இரண்டுக்கும் இலை ஒன்று, சிவந்த தண்டு ஒன்று. பூவின் பின்பக்கம் இருக்கிற வாலில்தான் வித்தியாசம். கானில் வருகிறதுக்கு வால் நீண்டு நேராக இருக்கும். மற்றதுக்குக் குட்டையாக, உள்பக்கம் மடங்கித் தூண்டில் மாதிரி இருக்கும். அதன் தொண்டைக்குள் வெள்ளை மயிர் உண்டு, கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும். நானும் சேரும் எங்களுக்குள் ஒன்றைக் கான்பூ என்றும் மற்றதைக் கசிவுப்பூ என்றும் சொல்லிக்கொள்வோம். கான்பூவுக்குக் கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், குசினித் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில்கூட வரும். கசிவுப்பூவோ மலைக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீர் வேரில் ஓயாமல் பட்டுக்கொண்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும்.

அதை வளர்க்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காய் முற்றியதும் தொட்டாலே வெடித்து விதையைச் சிதறிவிடும். அதனால் முற்றுவதற்கு முன்பே பழைய வொயில் சேலைத் துணியில் தைத்த குட்டிப் பையைக் காயின்மேல் மாட்டி நூலால் கட்டிவிட்டு வருவேன். விதை காயக் கூடாது, எடுத்த அன்றே போட வேண்டும். தட்டில் உடைத்த கல் பரப்பி, மேலே பாசி வைத்து, பாசியின்மேல் விதையைத் தூவி, மூடாமல் விட வேண்டும். தட்டின் தலைப்பக்கம் தண்ணீர்ப் போத்தலில் திரி போட்டுத் தொங்கவிடுவோம். தண்ணீர் கல்லுக்கு அடியில் ஓட வேண்டும், இலையில் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டால் மறுநாள் காலையில் தண்டு அடியோடு அழுகி, கன்று படுத்திருக்கும். குழாய்த் தண்ணீரும் ஆகாது. ஓடைத் தண்ணீரை வாளியில் சுமந்து வருவேன். ஓடில்லாத நத்தைகளைக் கையால்தான் பொறுக்க வேண்டும். பல வருஷம் எல்லாம் செத்தன. ஒரு வருஷம் ஒரு தட்டு பிழைத்தது. அன்று சேர் அந்தத் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் எழும்பவில்லை.

விதைக்காக நாங்கள் போகிற இடம், நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் ஒரு தோட்டத்துக்கு மேலே உள்ள பாறை. பாறைக்குக் கீழே, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒரு லயம். அந்த லயத்தில் புஷ்பம் இருந்தாள். என் ஊர்க்காரி, நான் கொழுந்தெடுத்த காலத்தில் எனக்கு அடுத்த நிரையில் நின்றவள். கல்யாணம் முடித்து அந்தத் தோட்டத்துக்குப் போனாள். மேலே ஏறுமுன் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் தேத்தண்ணி குடிப்பது எங்களுக்குப் பழக்கம். சேர் வருகிறார் என்றால் இஞ்சி தட்டிப் போடுவாள்.

ஒரு தடவை போனபோது அவள், "அக்கா, நீங்க மலையேறிப் பாக்குற செடி இப்ப எங்க வீட்டுக்குப் பின்னாலயே வந்துருச்சு. இனி இந்த ஏத்தம் ஏற வேணாம்" என்றாள்.

பின்னால் போய்ப் பார்த்தோம். லயத்துக்காக மலையை வெட்டிய மண் சுவர் அங்கே நிற்கும். அதன் அடியில் வரிசையாகச் செடிகள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே பாறையை நம்பியிருந்த செடி இறங்கி வந்து புது இடம் பிடித்திருக்கிறதே என்று சொன்னேன். சேரும் சிரித்துக்கொண்டேதான் மண்டி போட்டார். பிறகு உள்ளங்கையை மண் சுவரில் வைத்து, எடுத்துப் பார்த்தார். கை நனைந்திருந்தது. மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது.

போன வருஷம் இங்கே விறகு அடுக்கியிருந்தாயே என்று புஷ்பத்திடம் கேட்டார். ஈரமாகிப் போகிறது, வாசல் பக்கத்து இஸ்தோப்புக்கு மாற்றிவிட்டேன் என்றாள். அதற்கு முன்பு அந்த லயத்தில் அதுதான் காய்ந்த இடம். மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் இப்போது தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டார். குறைந்துவிட்டது, வாளி நிறைய நேரம் பிடிக்கிறது என்றாள். சேர் எழும்பிச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் மொட்டு இல்லை. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது இதையும் சேர்த்து அறுத்துவிடாதே என்று நான் புஷ்பத்திடம் சொன்னேன். அவள் அப்போதே நாலு குச்சி ஊன்றிச் சுற்றிலும் கயிறு கட்டினாள். வேரோடு சில செடிகளைப் பாசியில் பொதிந்து எடுத்துக்கொண்டோம்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் சேர் என் பக்கம் திரும்பினார்.

"அது கசிவுப்பூவா இருந்தா, மலைக்குள்ள தண்ணி வழி மாறியிருக்கு தெய்வானை. பீலிக்குப் போன தண்ணி இப்ப லயத்துக்குப் பின்னால வந்துக்கிட்டிருக்கு" என்றார்.

கான்பூவாக இருந்தால்? குசினித் தண்ணீர் ஈரமாக இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுவரைத் தொட்ட கையை அவர் பஸ்ஸிலும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாளே அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். தோட்டத்தை நடத்துகிற துரையும், வெள்ளம் மண்சரிவு மாதிரி அனர்த்த வேலைகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் குறைவாகச் சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார்கள், முழுதாகக் கேட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை. சேர் செடியைப் பற்றியும், ஈரத்தைப் பற்றியும், பீலியைப் பற்றியும் சொன்னார். பீலியில் தண்ணீர் குறைவது வெயில் காலத்தில் எங்கும் நடப்பதுதான் என்றார் துரை. அதிகாரி செடியைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நிச்சயமா அந்தச் செடிதானா?"

சேர் கழுத்துக் கண்ணாடியைக் கையில் எடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இலையப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது. பூக்காம நிச்சயமாச் சொல்ல ஏலாது" என்றார்.

"எப்ப பூக்கும்?"

"மழை புடிச்ச பெறகு."

"அப்ப பூக்கட்டும் சேர். பூத்ததும் சொல்லுங்க, ஒடனே நடவடிக்கை எடுப்போம்."

மண்சரிவு பார்க்கிற ஆட்களையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டார் சேர். கேட்டிருக்கிறோம், முறைப்படி வருவார்கள் என்றார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தோம்.

சேர் அப்படியே விடவில்லை. லயத்துக்குப் போய் ஆட்களைக் கூட்டி, பெருமழை வந்தால் இங்கே இருக்காதீர்கள் என்று சொன்னார். புஷ்பத்தின் புருஷன் ராமையா எழுந்து நின்றான்.

"போறதுக்கு ஒரு எடத்தக் காட்டுங்க சேர். இன்னைக்கே சட்டி பானையத் தூக்குறோம்."

சேரிடம் இடம் இல்லை. கோயில் மண்டபத்தைச் சொன்னார். முதல் மழைக்கு நாலைந்து குடும்பங்கள் அங்கே போய்ப் படுத்தன. சாரல் அடித்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. திரும்பி வந்துவிட்டார்கள்.

மழை வலுத்தது. பூங்கா நேர்சரியில், லயத்திலிருந்து கொண்டுவந்த செடிகள் ஒவ்வொன்றாக மொட்டு வைத்தன. சேர் காலையில் கையெழுத்துப் போடுமுன்பே அவற்றைத்தான் பார்க்க வருவார். திறக்காத மொட்டில் வால் எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாது. ஒரு மொட்டைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிரித்தும் பார்த்தார். உள்ளே சுருண்டு கிடந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் மழை அதிகம் என்று தோட்டத்தில் கொழுந்தெடுப்பை மத்தியானமே நிறுத்தி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் லயத்தில் இருந்தார்கள். மலை பாறைக்குக் கீழே இருந்து பிளந்து இறங்கியது. லயத்தின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் போனது. ராமையா மாட்டுக்குப் புல்லெடுக்கப் போயிருந்ததால் பிழைத்தான். புஷ்பமும் மாமியாரும் உள்ளே.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண் அள்ளுகிற மிஷின் ஏற வழியில்லாமல் கீழேயே நின்றது. ஆண்கள் மம்பட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சேர் ஒருவரும் கேட்காமலே ஒரு மம்பட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. கை கிழிந்து இரத்தம் வந்தது, நிறுத்தவில்லை.

புஷ்பத்தை எடுக்கச் சில நாள் ஆனது. ராமையாவால் பார்க்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். முகத்தை வைத்துச் சொல்லும்படி இல்லை. சின்ன வயதில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் வளைந்து நிற்கும். அதைக் கழுவிப் பார்த்தேன். பொலிஸ்காரர், "நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். மாமியார் கிடைக்கவே இல்லை.

அந்த வாரத்துக்குள் நேர்சரியில் பூ விரிந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். சேரைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவரே வந்தார். கையில் கட்டுப் போட்டிருந்ததால் கண்ணாடியைப் பிடிக்கச் சிரமப்பட்டார். நான் பூவைத் திருப்பிப் பிடித்தேன். வால் குட்டையாக உள்ளே மடங்கியிருந்தது. தொண்டையில் வெள்ளை மயிர்.

"அதேதான்" என்றார். கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் அவரோடு வேலைக்குத் தேவையான பேச்சைத் தவிர வேறு பேசாமல் இருந்த காலம் அதுதான். ஒரு சொல். ஆமாம் என்ற ஒரு சொல்லை அந்த ஆபீசில் சொல்லியிருந்தால் என்ன என்று எனக்குக் கோபம். அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்தச் சொல் மட்டும்தானே. அவர் பொய் சொல்ல மாட்டாத மனுஷன் என்பதை இத்தனை வருஷம் பெருமையாக நினைத்தவளும் நான்தான்.

சில மாதம் கழித்து ராமையா பூங்காவுக்கு வந்தான். அப்போதும் பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் இருந்தார்கள். அந்தச் செடியைப் பார்க்க வேண்டும் என்றான். அழைத்துப்போய்க் காட்டினேன். சேரும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். பூ முடிந்து காய் பிடித்திருந்த நேரம். ராமையா தொடாமல் குனிந்து பார்த்தான்.

"இது முன்னாடியே பூத்திருந்தா எங்கள லயத்திலேருந்து எறக்கியிருப்பாங்களா சேர்?"

"தெரியாது ராமையா" என்றார் சேர்.

"அன்னைக்கும் ஆபீசுல இதத்தானே சொன்னீங்க."

அவன் குரலை உயர்த்தவில்லை. திட்ட வந்தவனும் இல்லை. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் என்னிடம், "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். சேர் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் எனக்கிருந்த கோபம் அன்றோடு போனது. கோபப்படுகிறதுக்கு அந்த மனுஷனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

அடுத்த மழைக்கு முன்பு வேறொரு தோட்டத்திலிருந்து, லயத்துக்குப் பின்னால் இப்படி ஒரு செடி முளைத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது. போய்ப் பார்த்தோம். வெட்டிய மண் சுவர், ஈரம், வரிசையாகச் செடிகள், மொட்டு இல்லை. இங்கேயும் சில செடிகளை வேரோடு எடுத்துக்கொண்டோம். அந்த மண்ணை நானும் தொட்டேன். குசினித் தண்ணீர் ஈரமா, மலையின் ஈரமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவராலும் முடியாது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அந்தத் தோட்டத்து ஆபீசிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"நிச்சயம்" என்றார் சேர்.

நான் பக்கத்தில் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். எங்கே எழுதித் தரச் சொன்னார்களோ அங்கே கையெழுத்தும் போட்டார்.

போன வருஷம் சரிந்த மண் இன்னும் காயாத நேரம் அது, ஆபீஸ்காரர்களும் பயந்துபோயிருந்தார்கள். லயத்தைக் காலி பண்ணி எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மழை விடாமல் பெய்தது. மலை அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் கக்கூசு போதவில்லை, அடைத்து வைத்த கோழிகள் களவு போயின, பிள்ளைகளின் படிப்பு கெட்டது. சேரும் நானும் போனபோது ஒரு கிழவி, பூ பார்த்துச் சோதிடம் சொல்கிறவன் இவன்தானா என்று அவர் காதில் விழவே கேட்டாள். மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்து வெடிப்பு ஒன்றும் இல்லை என்றார்கள். தோட்டத்திலிருந்து முறைப்பாடு போனது. எதை வைத்து நிச்சயம் என்று சொன்னீர்கள் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. இலையை வைத்து என்றார். அத்தனை வருஷம் இலையை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் படித்துக் கொடுத்தவர் அவர்தான் என்பதை அவர்களும் மறந்திருக்கவில்லை. அவரைப் பிரிவிலிருந்து எடுத்துக் களஞ்சிய அறையில் உட்கார வைத்தார்கள். ஓய்வுக்குக் காலம் இருக்கும்போதே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரியாவிடைத் தேத்தண்ணி கூட வைக்கவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை.

அந்த இரண்டாவது தோட்டத்துச் செடி நேர்சரியில் பூத்த காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அவரை இன்னும் மாற்றியிருக்கவில்லை. ஆட்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். இரவெல்லாம் பெய்து விட்டிருந்தது. நான் கூப்பிட்டதும் வந்து, தட்டுக்கு முன்னால் குந்தி, பூவைத் திருப்பினார். எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வால் நீண்டு, நேராக, ஊசி மாதிரி இருந்தது.

"கான்பூ, தெய்வானை" என்றார்.

இனி அவருக்கு என்னவெல்லாம் வரும் என்று பயந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். புஷ்பம் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.